கையறுநிலையில் ஒரு பொப் பாடகி

பச்சை இறைச்சியால் தைத்த உடையோடு 2010இல் எம்ரீவி விருது மேடைக்கு வந்தவர் என்ற அளவில்தான் லேடி காகாவை நம்மில் பலர் அறிவோம். நடனக்கூடங்களுக்கென்றே வார்த்த தாளம், முகத்தை மூடும் ஒப்பனை, மேடைக்கு மேடை மாறும் வேடம் என்று எட்டு ஆண்டு ஓடியவர், 2016 ஒக்டோபர் 21ஆந் திகதி ‘ஜோஆன்’ என்ற அல்பத்தை வெளியிட்டார். அட்டையில் பக்கவாட்டு முகமும் ஓர் இளஞ்சிவப்புத் தொப்பியும், அவ்வளவே. உள்ளே கிட்டாரும் பியானோவும், பல இடங்களில் அலங்காரம் களைந்த குரலும். கன்ட்ரி இசைச் சாயல் படிந்தது, முதிர்ச்சியானது, தன்னுள்ளே திரும்பிப் பார்ப்பது என்று மூன்று பட்டங்களை அமெரிக்க விமரிசகர்கள் அதற்குச் சூட்டினார்கள். இந்த மூன்றில் முதிர்ச்சி என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த முதிர்ச்சி கன்ட்ரிச் சாயலால் வந்ததும் இல்லை, தன்னையே பார்த்துக்கொண்டதால் வந்ததும் இல்லை. அல்பத்தின் சிறந்த பாட்டுகளில் பாடகி தன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு இறந்துபோன ஒருத்தியைப் பார்க்கிறார். தமிழில் இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய துறை ஒன்று உண்டு: கையறுநிலை. வயற்கரைக் கவியும் சாவீட்டு ஒப்பாரியும் வெவ்வேறு வேலைக்கானவை என்று தெரிந்த மட்டக்களப்புக் காதுக்கு இந்த அல்பம் எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பது நியூயோர்க் விமரிசகரைவிடச் சற்றுச் சீக்கிரமே பிடிபடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜோஆன் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லேடி காகாவின் இயற்பெயர் ஸ்டெஃபானி ஜோஆன் அஞ்சலினா ஜெர்மனோட்டா. 1986இல் நியூயோர்க்கில், இத்தாலிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பெயரின் நடுவிலுள்ள ஜோஆன் அவருடைய மாமி, தந்தையின் சகோதரி. ஓவியம் தீட்டியவள், எழுதியவள். உடலின் காப்பே உடலைத் தாக்கும் லூபஸ் நோயால் 1974 டிசெம்பர் 18இல், 19 வயதில் இறந்துபோனாள். மருமகள் பிறந்தது அதற்குப் பதினொரு ஆண்டுக்குப் பின். ஆக, பாடகி ஒருநாளும் கண்டிராத ஒருத்தியின் சாவுதான் அல்பத்தின் நடு. கண்டிராத ஒருத்திக்காக அழ முடியுமா என்ற கேள்வி எழும். அழுவது அவளுக்காக மட்டுமல்ல. சகோதரியை இழந்த தந்தைக்காக, மகளை இழந்த பாட்டிக்காக. அந்தச் சாவு வீட்டில் ஆறாமல் கிடந்தது என்றும் அதை ஆற்றவே இந்தப் பாட்டு என்றும் பாடகி பலமுறை சொல்லியிருக்கிறார். 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆவணப்படத்தில், முடித்த பாட்டைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர், நாற்பது ஆண்டுக்கு முன் மகளைப் பறிகொடுத்த தாய். உலகமெங்கும் விற்கும் அல்பத்துக்கு இதைவிடக் கடினமான ஒரு சபை வாய்த்திருக்காது.

கன்ட்ரி இசை என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவின் தென்பகுதி மலைக் கிராமங்களில், அயர்லாந்து, ஸ்கொட்லாந்துக் குடியேறிகளின் வயலினும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் பஞ்சோவும், பிறகு ஹவாய்த் தீவுகளின் ஸ்டீல் கிட்டாரும் சேர்ந்து உருவானது அது. 1927 கோடையில் டெனசி மாநில எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்ற ஊரில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கியபோது, கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ரொஜர்ஸும் அங்கே பாடிப் பதிந்தார்கள். அதற்குப் பிறகே அது பெரும் வணிக இசையாக வளர்ந்தது. அதன் இலக்கணம் எளியது: மூன்று நான்கு சுரக்கூட்டுகள், பேச்சுமொழி, ஒரு கதை, அந்தக் கதையைச் சொல்வதற்கு எதிரில் ஓர் ஆள். பெண்கள் அதில் எதிர்ப்பேச்சுப் பேசி வந்தார்கள். ஆண்கள் கெட்டுப்போவதற்குப் பெண்களே காரணம் என்ற தொனியில் ஹாங்க் தொம்ஸன் பாடிய பாட்டுக்கு மறுமொழியாக 1952இல் கிற்றி வெல்ஸ் ஒரு பாட்டுப் பாடினார். பில்போர்ட் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பெண்குரல் அதுதான். சுரங்கத் தொழிலாளியின் மகளான லொரெட்டா லின் 1975இல் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடியபோது பல வானொலி நிலையங்கள் அந்தப் பாட்டை ஒதுக்கின. அடக்கமான இசை என்று எண்ணி இதற்குள் நுழைகிறவர்கள் அடிக்கடி ஏமாந்துபோவார்கள்.

இந்த இசை நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. ஜிம் ரீவ்ஸ் 1964இல் விமான விபத்தில் இறந்தபிறகும் இலங்கை வானொலியில் அவர் குரல் ஓயவில்லை. நத்தார் காலத்தில் பல கத்தோலிக்க, பறங்கியர் வீடுகளில் இன்றும் அவர்தான். மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கலியாண வீடுகளில் வயலினோடு ஆடும் கஃப்றிஞ்ஞா, கடல் கடந்து வந்த கருவியும் கரையில் பிறந்த தாளமும் கலந்த இன்னோர் உதாரணம். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த இயேசுசபைக் குருமாரில் பலர் நியூ ஓர்லியன்ஸ் மறைமாநிலத்திலிருந்து, கன்ட்ரி இசை புழங்கும் அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பெண் ஒருத்தி கன்ட்ரிப் பாட்டைத் தன் பாட்டாக்கியதும் புதிதல்ல: பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், சேலையோடு இரவு விடுதி மேடையேறிப் பெயர்பெற்ற காலத்திலேயே, ஹாங்க் வில்லியம்ஸின் ‘ஜம்பலாயா’வை இசைத்தட்டில் பாடியவர். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது கன்ட்ரியின் உற்சாகத்தை. அதன் துக்கத்தை எடுப்பது வேறு வேலை.

நம்முடைய பொப் இசையைப் பார்த்தால் அந்த வேலை அங்கே நடக்கவேயில்லை. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஒரு தலைமுறையை ஆடவைத்தன, இலங்கைத் தமிழ்ப் பொப்புக்கு அவையே அடையாளம். இரண்டிலும் பெண் பாடப்படுகிறவள். கூப்பிடப்படுவாள், விசாரிக்கப்படுவாள், பதில் சொல்லமாட்டாள். குறையென்று இதைச் சொல்லவில்லை, பைலாத் தாளத்துக்குப் பிறந்த கேலி அது. ஆனால் எங்கள் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று அந்த இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டு அறிய முடியாது. அதற்கு மட்டக்களப்பு வாவியைக் கடந்து போகவேண்டும்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஊரும் கோயிலும் பள்ளியும் நெருங்கிக் கிடப்பது பெரும்பாலும் கிழக்கில்; வயல் வட்டைகள் விரிந்து கிடப்பது மேற்கில். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை கல்முனையும் நிந்தவூரும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இருந்தன. அங்கும் இதே வாழ்க்கைதான். வேளாண்மைக் காலத்தில் ஆண்கள் வட்டையில் வாடி போட்டுத் தங்கிவிடுவார்கள். நிலச் சொந்தக்காரரான போடியாரின் காணியில் முல்லைக்காரன் காவல் கிடப்பான். வீட்டில் பெண். இந்த இடைவெளியில் விளைந்தது கவி. நாலு வரி, இழுத்துப் பாடும் மெட்டு, பக்கவாத்தியம் கிடையாது. தமிழரும் முஸ்லிம்களும் பாடினார்கள். முஸ்லிம் ஊர்களின் கவிகளைத் தேடித் தொகுத்தவர்களில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் முக்கியமானவர். மச்சானும் மச்சியும் ஒருவருக்கொருவர் எறிந்துகொள்ளும் பாட்டு அது. ஏசலும் ஏக்கமும் கலந்து வரும். இந்தப் பெண் பேசும் இடத்தையும் கவனிக்கவேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, கலியாணம் முடித்தவன் அவள் வீட்டுக்கு வருகிறான், குடி தாய்வழியில் இறங்குகிறது. அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கவியில் வரும் பெண் கெஞ்சினாலும் தன் வாசலில் நின்றே கெஞ்சுகிறாள். அந்தக் குரலில் ஒரு நிமிர்வு இருப்பதற்கு இதுவும் காரணம்.

கவியில் யாருக்கும் பெயர் இல்லை. மச்சான், மச்சி, உம்மா, வாப்பா, மாமி எல்லாரும் உறவாகவே வருவார்கள். இது தற்செயல் அல்ல. அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விதித்த ஒழுங்கு, ஏட்டைத் தொடாத வாய்களிலும் நின்றிருக்கிறது. ஆசைக்கும் பிரிவுக்கும் பெயர் வைத்தால் அது அவளுடைய கதை ஆகிவிடும். பெயரை எடுத்துவிட்டால் கேட்கிற எல்லாருடைய கதையும் ஆகும். நம் முன்னோர் இதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்றால், கணவனைப் பிரிந்த அரசியின் துயரைச் சொல்லும் நெடுநல்வாடையில் பாண்டியனுக்குரிய வேம்பு குறிக்கப்பட்டதனால், அதைப் புறம் என்றே உரைகாரர் வைத்தார்கள். புறத்தில் பெயர் வரலாம், சாவில் வந்தே ஆகவேண்டும். பாரி செத்தபின் கபிலர் பாடியதும் அதியமான் செத்தபின் ஔவையார் பாடியதும் கையறுநிலை. உயிரோடு இருப்பவர் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்கும் நிலை. எங்கள் ஊர் ஒப்பாரியும் அந்த வழியில் வந்ததே: போனவரின் பெயர், உறவு, அவர் கட்டிய வீடு, நட்ட மரம், பூட்டிய மாடு எல்லாம் சொல்லி அழுவார்கள். எந்தத் துக்கத்தில் பெயர் சொல்ல வேண்டும், எதில் சொல்லக்கூடாது என்பது வாவிக்கரைப் பெண்களுக்கு யாரும் படிப்பிக்காமலே தெரிந்திருந்தது.

இந்தக் காதோடு ‘ஜோஆன்’ அல்பத்தைக் கேட்டால், அதன் பதினொரு பாட்டும், விரிவான பதிப்பில் சேர்ந்த மூன்றும் தாமாகவே பிரிந்து நிற்கும். ‘மில்லியன் ரீஸன்ஸ்’ ஒரு கவி. காகாவோடு நாஷ்வில் பாட்டாசிரியை ஹில்லரி லின்ட்ஸியும் தயாரிப்பாளர் மார்க் ரொன்ஸனும் சேர்ந்து எழுதியது. விட்டுப்போக ஆயிரம் காரணம் இருக்கிறது, இருந்துவிட ஒரே ஒரு காரணம் தா என்று ஒருவனைக் கேட்கும் பாட்டு. அவன் யார் என்று அதில் இல்லை, இருந்திருந்தால் அந்தப் பாட்டு அன்றே செத்திருக்கும். தலைப்புப் பாட்டான ‘ஜோஆன்’ ஒப்பாரி. கிட்டார் நரம்புகளை விரல்கள் மெல்ல மீட்ட, தாளம் பின்னால் ஒதுங்கி நிற்க, செத்துப்போகிறவளின் பெயரைச் சொல்லி எங்கே புறப்பட்டுவிட்டாய் என்று கேட்கிறது குரல். ஒப்பாரியில் இதே கேள்வியைத்தான் கேட்போம். போகிறவளுக்கும் பதில் இல்லை, கேட்கிறவளுக்கும் தெரியும் பதில் வராது என்று. விரிவான பதிப்பிலுள்ள ‘கிரிஜியோ கேர்ள்ஸ்’ புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த தோழி சோன்யா டேர்ஹமை நினைத்து எழுதியது. பாட்டு வந்த அடுத்த ஆண்டே அவர் காலமானார். சாவு வருமுன்னே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களின் பாட்டு அது, அழுகையைச் சிரிப்பால் மூடப் பார்க்கும். அல்பத்தின் உயரங்கள் இவை. இவற்றில் எதிலும் பாடகி தன் மனத்தைக் குடைந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிரில் ஓர் ஆள் இருக்கிறார், அவரோடு பேசுகிறார், அவ்வளவுதான்.

வழுக்கும் இடங்களையும் சொல்லவேண்டும். ‘ஜோன் வேய்ன்’ பழைய கௌபோய் நடிகரின் பெயரை வைத்துக்கொண்டு முரட்டு ஆணைத் தேடுகிறது. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. ‘ஏ-யோ’வில் கன்ட்ரிக் கிட்டார் இருக்கிறது, சொல்ல விஷயம் இல்லை. ‘டான்ஸின் இன் சேர்க்கிள்ஸ்’ ரெகே பக்கம் போகிறது. ஃபுளோரன்ஸ் வெல்ஷுடன் பாடிய ‘ஹே கேர்ள்’ எழுபதுகளின் நடன இசைப் பக்கம் போகிறது. கூட்டிக் கழித்தால், கன்ட்ரி என்று நேர்மையாகச் சொல்லத்தக்கவை மூன்று நான்குதான் தேறும். அந்த இசையின் உடுப்பை அதிகம் போட்டுக்கொண்ட பாட்டுகளே அதன் ஒழுங்கைக் குறைவாகக் கடைப்பிடித்தவை என்பது என் கணிப்பு. கன்ட்ரியால்தான் முதிர்ச்சி வந்தது என்று சொல்பவர்கள் ‘ஜோன் வேய்னு’க்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்த்தரப்பு இங்கேயே குறுக்கிடும். தொப்பியே வேடம் அல்லவா, மான்ஹட்டனில் வளர்ந்தவளுக்குக் கிராமத்து இசையில் என்ன உரிமை என்று கேட்பார்கள். அல்பம் வந்த மாதத்தில் சின்னச் சின்னக் குடிக்கூடங்களில் பாடும் ஒரு சுற்றுப்பயணத்தை நடத்தினார் காகா. அதற்குப் பணம் கொடுத்தது ஒரு பெரிய பியர் நிறுவனம். எளிமையையும் விளம்பரதாரர்தான் வாங்கித் தரவேண்டியிருந்தது என்று சிரிக்க இடமுண்டு, நானும் மறுக்கமாட்டேன். ஆனால் கன்ட்ரி இசை பெரும் வணிகமானதே ஒரு கம்பனி ஊரில் வந்து இறங்கி ஒலிப்பதிவு செய்த பிறகுதான் என்பதை மறக்கக்கூடாது. கலப்பற்ற கிராமம் அதில் என்றைக்குமே இருந்ததில்லை. பஞ்சோவைக் கொண்டுவந்த கறுப்பின மக்களை அந்த இசையின் வாசலில் நிறுத்திவைத்த வரலாறும் அதற்கு உண்டு. 2024இல் பியோன்ஸே ‘கௌபோய் கார்ட்டர்’ அல்பத்தோடு வந்து, பில்போர்ட் கன்ட்ரி அல்பப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனபோதும் இதே உரிமைக் கேள்வியைக் கேட்டார்கள். பிறப்பைக் காட்டி உரிமை கொடுக்கும் இசையாக அது இருந்தால், ‘ஜம்பலாயா’ பாடிய உஷா உதுப்பையும் வெளியேற்ற வேண்டிவரும். உரிமையைப் பாட்டு ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வேண்டும். ‘ஜோஆன்’ என்ற பாட்டுக்கு அது கிடைத்திருக்கிறது, ‘ஏ-யோ’வுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. முதிர்ச்சி என்ற புகழே பெண்ணுக்கு விரிக்கும் வலை என்பது அது. ஆடிய பெண் ஆட்டத்தை நிறுத்தி, உடம்பை மூடி, கிட்டாரை எடுத்து உட்கார்ந்தால் முதிர்ந்துவிட்டாள் என்பார்கள். அதற்குமுன் செய்தது எல்லாம் விளையாட்டு என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கும். கைலி மினோக் 2018இல் நாஷ்விலுக்குப் போய்ப் பாட்டு எழுதி ‘கோல்டன்’ அல்பத்தை வெளியிட்டபோதும், கன்ட்ரியில் தொடங்கிப் பொப்புக்குப் போன டெய்லர் சுவிஃப்ட் 2020இல் ‘ஃபோக்லோர்’ என்ற அமைதியான அல்பத்தோடு வந்தபோதும் இதே தொனி கேட்டது. இந்த மறுப்பில் பாதி உண்மை. 2011இல் வந்த காகாவின் ‘போர்ன் திஸ் வே’ ஒரு கிழமையில் அமெரிக்காவில் மட்டும் பதினொரு இலட்சத்துக்கு மேல் விற்றது. ஒதுக்கப்பட்ட எத்தனையோ இளையோருக்கு அந்த நடனப்பாட்டுகள் துணை நின்றன, அதைச் சிறுபிள்ளை வேலை என்று தள்ளுவது மடமை. ஆனால் நான் முதிர்ச்சி என்று சொல்வது ஓசை அடங்கியதை வைத்து அல்ல. உலகில் மிகவும் விற்பனையான பெயர்களில் ஒன்றை வைத்திருப்பவர், தன் அல்பத்தின் நெற்றியில் யாருக்கும் தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெயரை எழுதினார். தன் பெயரை இன்னொரு பெயருக்கு அடியில் வைக்கத் தெரிந்ததையே முதிர்ச்சி என்கிறேன். மேளம் அடித்துக்கொண்டும் அதைச் செய்யலாம். எங்கள் சாவீடுகளில் பறை முழங்கத்தானே அழுகிறோம்.

காசு வாங்கிப் பாடும் பாட்டையும் வயற்கரைக் கவியையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது மிஞ்சியிருக்கும் ஆட்சேபம். சந்தை இரண்டையும் ஒன்றாக்கிவிடாது என்பது சரிதான். கவிக்கு ஆசிரியர் இல்லை, உரிமத்தொகை இல்லை, அடுத்த ஊரில் வரி மாறும். ஜோஆன் பாட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் உரிமைப் பத்திரம் இருக்கிறது. ஆனாலும் நம் காலத்தில் இரண்டும் சந்தித்துக்கொண்டே இருக்கின்றன, அந்தச் சந்திப்பில் பெயர்தான் பிரச்சினை. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஈழத் தமிழ்ப் பின்னணியில் வந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடியது. ஒப்பாரியின் சாயல் அதில் தெளிவாகக் கேட்கும். அதன் பின்னால் இருப்பவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. கோடிக்கணக்கானவர் கேட்ட அந்தப் பாட்டில் யார் பெயர் எங்கே வரவேண்டும் என்ற தகராறு பிறகு மூண்டது. அந்த ஆண்டு ஓகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் தீயின் படம் வந்து அறிவின் படம் வராமற்போனது அதைக் கிளறிவிட்டது. பாட்டு சொத்தாகும்போது பெயரும் சொத்தாகிறது. அந்த வகையில் பார்த்தால், சந்தைக்கு நடுவில் நின்றுகொண்டு செத்தவளின் பெயரை முன்னே வைத்த காகாவின் செயல் சிறியதல்ல.

பெயர் சொல்லி அழுவது எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் முடிகிற காரியமும் அல்ல. அல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ஏஞ்சல் டவுன்’, 2012 பெப்ரவரியில் புளோரிடாவின் சான்ஃபோர்ட் நகரில் சுட்டுக்கொல்லப்பட்ட பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் ட்ரேவோன் மார்ட்டினை நினைத்து எழுதியது என்று காகா சொன்னார். பாட்டுக்குள் அவன் பெயர் இல்லை. ஒப்பாரிக்குரிய சாவை அகப்பாட்டின் முகமூடியோடு பாடியிருக்கிறார். அதனாலேயே அந்தப் பாட்டு யாரையும் சுடாமல் மேலே மிதந்து போய்விடுகிறது. வேறு யாருடைய பிள்ளையோ என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்கலாம், அந்தத் தயக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் பாட்டாக அது தோற்றிருக்கிறது. மட்டக்களப்புக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி, லூசியானாவில் பிறந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹெபேர் அடிகளார், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் உடன்வந்த இளைஞரோடு காணாமற்போனார். அந்த ஆண்டிலும் முன்னும் பின்னும் காணாமற்போன பலரின் வீட்டாரைப்போல அவருக்கு நெருங்கியவர்களுக்கும் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டால் ஒப்பாரி எடுபடாது. செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வராது. பெயரைச் சத்தமாகச் சொல்லப் பயமும் இருந்தது. கையறுநிலைக்கும் முந்திய ஒரு நிலை அது. எங்கள் பெண்கள் பல ஆண்டு அதில் நின்றார்கள், சிலர் இன்னும் நிற்கிறார்கள். பெயர் சொல்லி அழக் கிடைப்பதே ஒரு பேறு என்று அறிந்தவர்கள் ‘ஜோஆன்’ பாட்டை வெறும் தனிமனித உணர்ச்சி என்று தள்ளிவிட மாட்டார்கள்.

அல்பத்தின் பின்கதையும் இந்த வாதத்துக்குச் சாட்சி. முதலில் வெளிவிட்ட ‘பேர்ஃபெக்ட் இல்யூஷன்’ பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் பதினைந்தாம் இடத்தோடு நின்றது. அல்பம் முதலிடம் பெற்றாலும் முதற் கிழமையில் சுமார் இரண்டு இலட்சமே போனது. 2017 பெப்ரவரி 5இல் சுப்பர் போல் ஆட்ட இடைவேளையில் காகா பியானோ முன்னால் உட்கார்ந்து ‘மில்லியன் ரீஸன்ஸ்’ பாடிய பிறகுதான் அந்தப் பாட்டு நான்காம் இடத்துக்கு ஏறியது. தலைப்புப் பாட்டைக் கிட்டாரும் இல்லாமல் பியானோ ஒன்றை மட்டும் வைத்துப் பிறகு ஒருமுறை பதிவுசெய்தார், 2019இல் கிராமி கிடைத்தது அந்தப் பதிவுக்கே. கன்ட்ரிக் கருவி கழன்றபின்னும் பாட்டு நின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2018இல் ‘ஏ ஸ்டார் இஸ் போர்ன்’ படத்தில் கன்ட்ரிப் பாடகன் ஒருவனின் மனைவியாக நடித்து, மார்க் ரொன்ஸனோடும் மற்றவர்களோடும் எழுதிய ‘ஷாலோ’வுக்கு ஒஸ்கார் வாங்கியபோது, இந்த அல்பத்தில் பழகிய குரலே அவருக்குக் கைகொடுத்தது.

முப்பத்தொன்பது நிமிட அல்பம். முழுவதையும் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் ‘ஜோஆன்’, ‘மில்லியன் ரீஸன்ஸ்’, ‘கிரிஜியோ கேர்ள்ஸ்’ மூன்றையும் கேட்டால் போதும், மீதியை விட்டாலும் பெரிய நட்டம் இல்லை. கேட்டு முடித்தபின் ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டார் பாடல் தொகுப்புகள் பலவற்றில் பாட்டு அச்சாகியிருக்கும், பாடியவளின் பெயர் இருக்காது, மெட்டும் இருக்காது. கவி பாடுகிற மூத்தம்மாவோ பெத்தும்மாவோ உங்கள் வீட்டிலோ அயலிலோ இன்னும் இருந்தால், கையிலுள்ள தொலைபேசியில் அவர் சம்மதத்தோடு பதிவுசெய்யுங்கள். கவிக்குள் பெயர் வரவேண்டியதில்லை. பதிவின் தொடக்கத்தில் அவர் பெயரையும், ஊரையும், யாரிடம் கேட்டுப் பாடமாக்கினார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.